மூன்றரை லட்சத்துக்கு ஒரு போர்ச்சுகல்

பரீட்சை முடிந்து ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் பற்றிப் புலம்புவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இந்தத் தடவை கால்பந்து. பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். இதில் பாஸ்போர்ட், பணம், அம்மாவின் கழுத்துச் சங்கிலி எல்லாம் வருகிறது.

என் ஊர் தருவைகுளம் என்று கிளாஸில் பாதிப் பேருக்குத் தெரியும். தூத்துக்குடியிலிருந்து வடக்கே உப்பளங்களைத் தாண்டி வந்தால் கடலோரமாக இருக்கும். தெரியாதவர்களுக்கு, மீனவர்கள் கைது என்று செய்தி வரும்போது அடிபடுமே, அந்த ஊர்தான். எங்கள் ஊர் விசைப்படகுகள் செவுள் வலை போடுபவை. போனால் திரும்பப் பல நாள் ஆகும். 2023 அக்டோபரில் எங்கள் ஊர்ப் படகு ஒன்றை மாலத்தீவுக் கடலோரக் காவல் படை பிடித்து 12 பேரை வைத்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் இரண்டு படகுகளில் போன 22 பேரை இலங்கை பிடித்தது. "பாஸ்போர்ட்டு இல்லாமலே பாரின் பாத்தவன் நம்மூர்லதான்ல இருக்கான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிற நேரத்தில் சிரிப்பு, மற்ற நேரத்தில் அதை யாரும் சொல்வதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என் தம்பிக்கு வயது 14. எட்டாம் வகுப்பு முடித்துவிட்டான். நடுக்களத்தில் ஆடுவான். எங்கள் ஊர் மைதானம் எப்படி இருக்கும் என்றால், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் காய்கிற வலை, மறு பக்கம் முள்ளுச்செடி. கச்சான் காற்று அடிக்கும்போது தூக்கி அடித்த பந்து எங்கே விழும் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அதனால் பையன்கள் எல்லோரும் முன்னால் நின்று கோல் அடிக்கத்தான் ஆசைப்படுவார்கள். இவன் மட்டும் சின்ன வயதிலிருந்தே நடுவில் நிற்பான். பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு தடவை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதலில் யாரையாவது பார்த்துப் பயப்படுகிறான் போல என்று நினைத்தேன். (நான் கோல்கீப்பர். நிற்க வேறு ஆள் கிடைக்காததால் கோல்கீப்பர்.) பிறகுதான் புரிந்தது, பந்து வரும்போதே அது அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருப்பான். பார்க்கிறவர்கள் கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். இவன் ஓரமாக நின்று தண்ணீர் குடிப்பான்.

போன மாதம் பக்கத்து ஊரில் நடந்த எழுவர் போட்டிக்கு ஒருவர் வந்திருந்தார். வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வந்தவர் என்றால் புரிந்துகொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் மூன்று பையன்களைத் தனியாகக் கூப்பிட்டார். அதில் என் தம்பியும் ஒருவன். போர்ச்சுகலில் மூன்றாம் டிவிஷன் கிளப் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சி, கடைசியில் செலக்‌ஷன், தேறினால் ஒப்பந்தம். செலவு மூன்றரை லட்சம். விசா தனி. பத்து நாளைக்குள் 50,000 முன்பணம் கட்டினால் இடம் உறுதி. போனில் போட்டோக்கள் காட்டினார். பச்சைப் புல் மைதானம், வரிசையாக நிற்கும் பையன்கள், நடுவில் அவர்.

தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்.

அப்பா கடலில் இருந்தார். அம்மா கழுத்திலிருந்த சங்கிலியை விரலால் உருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எலே, நம்ம வீட்டுல நீதான காலேசு படிக்க. அந்த ஆளு சொல்றது நெசமா பொய்யான்னு விசாரிச்சுச் சொல்லு. அப்பா கரைக்கு வர்றதுக்குள்ள சொல்லணும்."

ஒரு பி.காம் மாணவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் உட்கார்ந்தேன். வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடிய நடுக்கள வீரர்களில் நம்மவர் யாராவது உண்டா, உண்டென்றால் எப்படிப் போனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் படித்தேன். எட்டு நாள். செமஸ்டருக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை.

முதலில் கிடைத்த பெயர் விமல் யோகநாதன். பெயரைப் பார்த்ததும் தம்பி கட்டிலிலிருந்து குதித்துவிட்டான். தமிழ்ப் பெயர், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப், அதுவும் நடுக்கள வீரர். 2006 ஜனவரியில் பிறந்தவர். 2023 ஆகஸ்டில், 17 வயதில், லீக் கோப்பை ஆட்டம் ஒன்றில் பார்ன்ஸ்லியின் பெரியவர்கள் அணிக்கு முதல் தடவையாக இறங்கினார். அங்கே தொழில்முறைக் கால்பந்து ஆடிய முதல் தமிழர் என்று செய்தி போட்டார்கள். வேல்ஸ் நாட்டின் இளையோர் அணிகளுக்கும் ஆடியிருக்கிறார்.

"பாத்தியா, பாத்தியா" என்று தம்பி என் தோளைப் போட்டு உலுக்கினான். நான் மேலே படித்தேன். விமலின் பெற்றோர் இலங்கையிலிருந்து போன தமிழர்கள். ஆனால் அவர் வளர்ந்தது வடக்கு வேல்ஸில் ஒரு சின்னக் கிராமத்தில். அங்கே பெரிய கிளப்புகளின் அகாடமிகள் ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்துகொள்கின்றன. எட்டு வயதுப் பையனுக்குக் கோச், பிசியோ, வாரம் மூன்று நான்கு நாள் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். அப்புறம் ஒவ்வொரு வருடமும் வடிகட்டுவார்கள். அதில் கடைசி வரை தங்கியவர்தான் 17 வயதில் பெரியவர்களோடு இறங்க முடியும். யோசித்துப் பார்த்தால் பார்ன்ஸ்லி விமலுக்கு வெளிநாடே கிடையாது. வெளிநாடு போனது அவருடைய அப்பாவும் அம்மாவும்தான். அந்தத் தூரத்தை அவர்கள் கடந்து முடித்த பிறகுதான் மகன் பந்தைத் தொட்டான்.

இதைச் சொன்னதும் தம்பி முகம் சுருங்கியது. "அப்போ இங்கருந்து யாரும் போனதே இல்லையா?"

இங்கிருந்து என்றால், கரையிலிருந்து என்றால், ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவக் கிராமம். எங்கள் ஊர்க் கோவில் மிக்கேல் அதிதூதருக்கு உரியது என்பதால் மைக்கேல் என்ற பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. "நம்ம புள்ள மாதிரி" என்றார்.

நிஜமாகவே நம்ம பிள்ளை மாதிரிதான். 1994-ல் பிறந்தவர். இடது காலால் ஆடும் நடுக்கள வீரர். சென்னை சிட்டி அணி ஐ-லீக்குக்குள் நுழைந்த 2017-ல் அதில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 22. இந்த 22-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். இரண்டு சீசன் கழித்து 2018-19-ல் ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூர். அந்த வருடம் ஆஸ்திரேலியாவின் டிம் கேஹில் அதே அணியில் இருந்தார், உலகக் கோப்பைகளில் கோல் போட்ட மனிதர். இரவிபுத்தன்துறைக் கரையில் ஆடியவர் கேஹிலோடு ஒரே ஓய்வறையில்! 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார். அடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே. அங்கே அவருடைய அண்ணன் தம்பி உறவில் இன்னொருவரும் இருந்தார், மைக்கேல் ரெஜின். ஒரே வீட்டிலிருந்து இரண்டு நடுக்கள வீரர்கள், ஒரே அணியில். 2020 மார்ச்சில் கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஏடிகே சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று கோப்பை எடுத்தது. கொரோனா வந்த நேரம், கைதட்ட ஆள் கிடையாது. நான் அன்று சென்னைக்குத்தான் கத்தினேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு 2020 நவம்பர் 20. ஏடிகே மோகன் பகான் என்று பெயர் மாறிய அணியின் முதல் ஐஎஸ்எல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சூசைராஜ் முட்டியில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசன் முழுவதும் போயிற்று. 26 வயது. ஒரு நடுக்கள வீரன் உச்சத்துக்கு வருகிற வயது. திரும்பி வந்து ஆடினார், 2022-ல் ஒடிசா அணிக்குப் போனார். ஆனால் விழுவதற்கு முன்னால் இருந்த வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு வருடம் என்ன விலை என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

இதை அம்மாவிடம் சொல்லும்போது முட்டி விஷயத்தை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை. கேட்டுவிட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார், சூசைராஜின் முட்டிக்காக.

இப்போது அந்த 22. சூசைராஜ் அளவுக்குத் திறமை இருந்தவரே தேசிய அளவிலான லீக்கில் 22 வயதில்தான் கண்ணில் பட்டார். விமல் பெரியவர்கள் ஆட்டத்தில் இறங்கியது 17-ல். நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் இந்தக் கரையில் ஒரு பையன் என்ன செய்கிறான்? பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நடுவில் படகில் ஆள் குறைந்தால் கடல், திருவிழாப் போட்டிகள், பரிசாக ஒரு குத்துவிளக்கோ ஆட்டுக்கிடாவோ. குறை சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒரு கிளப் 22 வயதுப் பையனை எடுக்கிறது என்றால் அவன் ஏற்கெனவே நூறு ஆட்டம் ஆடியிருக்கிறானா என்று பார்க்கும்.

சரி, இந்தியாவிலிருந்து நேராகப் போனவர்கள்? மிகச் சிலர். எல்லோருமே நடுக்களம் அல்ல, ஆனால் பாதை ஒன்றுதான் என்பதால் படித்தேன். 1936-ல் கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்து போய் செல்டிக் அணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். வெறுங்காலில், கட்டுத் துணி சுற்றிக்கொண்டு! வீட்டு ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். (எனக்குத் தூத்துக்குடி ஹாஸ்டலிலேயே வருகிறது, அவரைக் குறை சொல்ல முடியுமா.) அதற்கப்புறம் நீண்ட இடைவெளி. 1999-ல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போனார். அது அப்போது மூன்றாம் அடுக்கில் இருந்த அணி. இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரருக்குக் கிடைத்தது அது.

சுனில் சேத்ரி கதை இன்னும் மோசம். 2009-ல் லண்டனின் கியூபிஆர் கிளப் அவரோடு ஒப்பந்தம் போடத் தயார். பிரிட்டிஷ் அரசு வேலை அனுமதி தரவில்லை. காரணம் அவர் ஆட்டம் அல்ல. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70 நாடுகளுக்குள் இல்லை, அதனால். 2010-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. லீக் ஆட்டத்தில் இறங்கவே விடவில்லை. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங். "ஆ, போர்ச்சுகல்!" என்று தம்பி நிமிர்ந்தான். அங்கே அவர் பி அணியில் இருந்தார், கிடைத்தது சில நிமிடங்கள். அடுத்த வருடமே இந்தியாவுக்கு வந்துவிட்டார். நாட்டுக்காக 90 கோலுக்கு மேல் போட்ட மனிதர் இவர்.

நடுக்களத்தில் ஆடிப் போனவர் என்றால் கோவாவின் ரோமியோ பெர்னாண்டஸ். அசோல்னா என்ற ஊர்க்காரர். ஜீகோ பயிற்சியாளராக இருந்த எஃப்சி கோவாவில் 2014-ல் விங்கில் நன்றாக ஆடினார். 2015-ல் பிரேசிலின் அத்லெத்திகோ பரானேன்சே அணிக்குக் கடனாகப் போனார். கால்பந்தின் தலைநகருக்கே ஒரு இந்தியர்! மாநில லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். சில மாதங்களில் கோவாவுக்கே திரும்பிவிட்டார். இவர் போனதைத் தோல்வி என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இந்தக் கதைகளில் ஒரு பொது விஷயம் கண்ணில் பட்டது. பரி ஆகட்டும், கன்சாஸ் ஆகட்டும், பரானேன்சே ஆகட்டும், எல்லோரும் இங்கே பெயர் எடுத்த பிறகு, பதினெட்டைத் தாண்டிய பிறகு, ஒரு கிளப் கூப்பிட்டுப் போனவர்கள். 14 வயதில் பணம் கட்டிப் போனவர் ஒருவரும் இல்லை.

ஏன் என்று தேடும்போதுதான் அந்த விதி கிடைத்தது. ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19-ஆவது பிரிவு. 18 வயது ஆகாத ஒருவனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக் கூடாது. விதிவிலக்குகள் கொஞ்சம்தான். பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோனால் சரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16-லிருந்து 18 வயதுக்குள் என்றால் சரி. நாட்டு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடும், அந்தப் பக்கம் 50 கிலோமீட்டருக்குள் கிளப்பும் இருந்தால் சரி. அகதிகள், பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் போகும் மாணவர்கள் என்று இன்னும் இரண்டு மூன்று. தருவைகுளத்துப் பையன் மூன்றரை லட்சம் கட்டிப் போவது எதிலும் அடங்காது.

எழுத்தில் மட்டும் இருக்கிற விதியும் அல்ல. 2014-ல் பார்சிலோனாவையே இந்த விதிக்காகப் பிடித்தார்கள். சிறுவர்களை எடுத்த குற்றத்துக்கு இரண்டு டிரான்ஸ்ஃபர் விண்டோக்களுக்குப் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை. 2016-ல் ரியல் மாட்ரிட், அத்லெத்திகோ மாட்ரிட். பார்சிலோனாவால் முடியாததைக் கோட் போட்ட நம்ம ஆள் செய்து காட்டுவதாகச் சொல்கிறார்.

அவருக்குப் போன் போட்டேன். கை நடுங்கியது உண்மை. விதியைச் சொன்னேன். "தம்பி, அதெல்லாம் பெரிய கிளப்புக்கு. நாம போறது டிரெய்னிங்குக்கு" என்றார். அப்படியென்றால் ஒப்பந்தம் கிடைக்கும் என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். "திறமை இருந்தா அங்கயே பாத்துப்பாங்க." கிளப் பெயர் கேட்டேன். பணம் கட்டியதும் கடிதம் வரும் என்றார். ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா என்றேன். 2023-லிருந்து ஃபிஃபா இதற்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. அது பார்ட்னரிடம் இருக்கிறதாம். பார்ட்னர் பெயர்? "நீங்க ரொம்பக் கேள்வி கேக்குறீங்க தம்பி, சீட்டு ரெண்டுதான் மிச்சம் இருக்கு." வைத்துவிட்டார்.

காசு கட்டிச் சேரும் பயிற்சிப் பள்ளிகள் ஐரோப்பாவில் உண்டு என்பதும் உண்மை. விடுதி, பள்ளிக்கூடம், பயிற்சி என்று கட்டணம் வாங்குவார்கள். வசதி இருப்பவர்கள் போகலாம், தப்பில்லை. அது கட்டணம் கட்டிப் படிக்கிற படிப்பு, கிளப் வாய்ப்பு அல்ல. உண்மையான மாற்றத்தில் பணம் எதிர்த் திசையில் ஓடுகிறது. ஒரு வீரன் நாடு விட்டு நாடு விலைக்குப் போகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை அவன் 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்சி பெற்ற கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி. அதாவது சின்ன மைதானத்துக்கு மேலேயிருந்து காசு வர வேண்டும். நம் கதையில் அம்மா கழுத்திலிருந்து காசு மேலே போகிறது.

ஒன்பதாம் நாள் அப்பா வந்தார். வலையெல்லாம் இறக்கி, குளித்து, சாப்பிட்டு முடிக்கிற வரை யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு நான் எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து விமல், சூசைராஜ், 19-ஆவது பிரிவு என்று கிளாஸில் செமினார் எடுக்கிற மாதிரி ஆரம்பித்தேன். பார்சிலோனா வருவதற்கு முன்னாலேயே அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த ஆளு முன்பணம் கேட்டானா?"

"ஆமாப்பா. அம்பதாயிரம்."

"எலே, படகுக்கு ஆளு கூப்புடும்போது முன்பணம் யாரு குடுப்பா? கூப்புடுறவந்தான குடுப்பான். தொழிலுக்குப் போறவன் எங்கயாச்சும் முன்பணம் கட்டிப் போவானாலே?"

எட்டு நாள் படிப்பு. அவருக்கு அரை நிமிடம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் பெரிய புத்திசாலி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பேன். முடியவில்லை. தம்பி அதுவரை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து என்னைப் பார்த்து, கத்தாமல், சாதாரணமாகக் கேட்டான்: "நீ சொன்ன ரூலு எல்லாம் சரி. பதினெட்டுக்கு மேலதான் போகணும். பதினெட்டு வரைக்கும் இங்க என்னை யாரு பாக்க வருவா? இந்த ஆளாச்சும் வந்தான்லா."

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. அந்த விதி பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஏஜென்ட்டுகள் நம்பிக்கை காட்டி அழைத்துப் போய் அந்நிய ஊரில் கைவிட்ட சிறுவர்கள் எத்தனையோ பேர், முக்கியமாக ஆப்பிரிக்காவிலிருந்து போனவர்கள். ஆனால் பிரான்சில் பிறந்த பையனுக்கு அந்த 18 வயது வரை பக்கத்துத் தெருவில் மைதானமும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள். விதி அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. இவனுக்கு முன்னால் மட்டும் ஒரு கதவைச் சாத்திவிட்டு, 18-ல் வா என்கிறது. அதற்குள் செய்ய வேண்டியதை இங்கே யாராவது செய்திருக்க வேண்டும். கோட் போட்ட ஆள் பொய்யன்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் வெயிலில் நின்று என் தம்பி கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்த முதல் வெளியாள் அவர்தான். "உன் தம்பிக்குப் பின்னாலயும் கண்ணு இருக்கு" என்று என்னிடம் சொன்னார். அது பொய் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மற்ற இரண்டு பையன்களில் ஒருவன் வீட்டில் 50,000 கட்டிவிட்டார்கள். நான் போய் நோட்டைக் காட்டிப் பேசினேன். அவனுடைய அம்மா நான் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்தார். கிளப் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன், என் மூக்கு உடைந்தாலும் பரவாயில்லை.

தம்பி ஆறு நாள் என்னோடு பேசவில்லை. ஏழாம் நாள் நான் விளையாட்டு விடுதி பற்றி விசாரித்து வந்து சொன்னேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துபவை. 7, 8, 9, 11 வகுப்புகளில் சேருபவர்களுக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், கால்பந்தும் உண்டு. தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. போர்ச்சுகல் இல்லை, தெரியும். ஆனால் முன்பணம் கேட்க மாட்டார்கள். அவன் இந்த வருடம் ஒன்பதாவது போகிறான் என்பதால் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாலையில் நானும் போய் முள்ளுச்செடி பக்கத்துக் கோலில் நின்றேன். இருட்டும் வரை அடித்தான். வலை காய்கிற பக்கத்திலிருந்து ஒரு தாத்தா கத்துகிற வரை. வீட்டுக்கு வரும் வழியில் திடீரென்று கேட்டான்:

"செலக்‌ஷன் எங்க வைப்பாங்க? தருவை மைதானத்துலயா?"

தூத்துக்குடி டவுனில் இருக்கிற பெரிய மைதானத்துக்கு அந்தப் பெயர். எங்கள் ஊர்ப் பெயரில் பாதி. எங்கே வைப்பார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, திங்கட்கிழமை போய்க் கேட்டு வர வேண்டும்.

"ஸ்டட்ஸு வேணும்லா அங்க" என்றான்.

"வேணும்."

"உன் கால் சைஸு எனக்குச் சேருமா?"

சேரவில்லை. இரண்டு சாக்ஸ் போட்டால் சேரும் என்கிறான்.